ஹோம் கிரவுண்டு கைகொடுத்ததா? டிராகன்ஸை யோசிக்க வைக்கும் 12 ஓவர்!

எரியோட்டுல பஸ் ஏறி, திண்டுக்கல்லில் மாறி நத்தம் போனால் என்.பி.ஆர். கல்லூரி மைதானம். டி.என்.பி.எல். தொடரில் நம்ம திண்டுக்கல் டிராகன்ஸுக்கு அதுதான் சொந்த மண். 2025 சீசனின் ஃபைனலும் இங்கேதான்.

ஜூலை 2 எலிமினேட்டரில் கேப்டன் அஸ்வின் 3 விக்கெட் எடுத்து திருச்சியை 140 ரன்னில் மடக்கினார். பேட்டிங்கில் 83 அடித்து ஜெயிக்கவும் வைத்தார். அடுத்து சேப்பாக்கமும் வீழ்ந்தது. 2024 சாம்பியனுக்கு மறுபடியும் கோப்பைதான்னு ஊரே நம்புச்சு.

ஆனால், ஜூலை 6 ஃபைனலில் திருப்பூர் 220 ரன்கள் குவித்தது. துஷார் ரஹேஜா 77, அமித் சாத்விக் 65. பதிலுக்கு டிராகன்ஸ் 102-க்கு ஆல் அவுட்!

எங்கே சறுக்கல்? டி20-யில் ஒருவருக்கு 4 ஓவர்தான். அஸ்வின், வருண் சக்கரவர்த்தி என இரண்டு பெரிய ஸ்பின்னர்கள் இருந்தாலும், சேர்ந்து 8 ஓவர்தான் போட முடியும். மீதி 12 ஓவரை யார் தாங்குறது? சொந்த ஊர் கைதட்டல் தெம்பு தரும், ஓவர் போடாது.

எரியோட்டுப் பக்கம் டென்னிஸ் பாலில் யார்க்கர் போட்டுப் பழகுற பசங்க கவனிக்கணும்... அந்த 12 ஓவரில்தான் உங்களுக்கான இடம் இருக்கு!