பானைத் தண்ணீரும் பரீட்சைப் புள்ளியும்

சென்ற வருடம் இரண்டாம் தவணைப் பரீட்சைக்குத் தரம் 10 விஞ்ஞான வினாத்தாளைத் தயாரிக்கும்போது, எந்தக் கடந்தகால வினாத்தாளிலும் இல்லாத ஒரு வினாவைச் சேர்த்தேன். மண்பானையில் வைத்த தண்ணீர் குளிர்வது ஏன் என்பதை எங்கள் பிள்ளைகள் நித்திரையிலும் சொல்வார்கள். ஆகவே நான் அதைக் கேட்கவில்லை. "விடாமல் மழை பெய்யும் ஒரு நாளிலும் பானைத் தண்ணீர் அதே அளவுக்குக் குளிருமா? காரணம் தருக" என்று கேட்டேன். நான்கு புள்ளிகள்.

வகுப்பில் முதலிடம் பெறும் மாணவிகளுள் ஒருவர் ஆவியாதலையும் மறைவெப்பத்தையும் பிழையில்லாமல் எழுதிவிட்டு, "ஆகவே மழை நாளில் தண்ணீர் இன்னும் கூடுதலாகக் குளிரும்" என்று முடித்திருந்தார். மழை என்றால் குளிர்தானே! எப்போதும் நாற்பது புள்ளியைத் தாண்டாத இன்னொரு பிள்ளை இரண்டே வரி எழுதியிருந்தாள். மழை நாளில் உம்மா காயப்போடும் உடுப்பு காய்வதில்லை, அதுபோல பானைக்கு வெளியே கசியும் தண்ணீரும் காயாது, ஆகவே அவ்வளவு குளிராது என்பதே அவளுடைய விடை.

வெட்கத்தோடு ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். முதலாமவருக்கு மூன்று புள்ளியும் இரண்டாமவளுக்கு ஒரு புள்ளியும் போட்டேன். நானே எழுதிய புள்ளியிடும் திட்டத்தில் "மறைவெப்பம்", "ஈரப்பதன்" என்ற சொற்களுக்குத்தான் புள்ளி இருந்தது. சிந்தித்த பிள்ளையிடம் அந்தச் சொற்கள் இருக்கவில்லை. இரவு தாள்களைக் கட்டிவைக்கும்போதுதான் அது உறைத்தது. மீண்டும் பிரித்துத் திருத்தினேன்.

அன்றிலிருந்து எனக்கு ஒரு கருத்து உறுதியாகிவிட்டது. பிள்ளைகள் சிந்திப்பதில்லை என்று ஆசிரியர்களாகிய நாம் குறைப்படுவதில் அர்த்தமில்லை. நாம் எதற்குப் புள்ளி போடுகிறோமோ அதையே அவர்கள் தருகிறார்கள்.

பரிசோதனைகளைப் பாருங்கள். இலையில் மாப்பொருள் இருக்கிறதா என்று சோதிக்கும் படிமுறையை எல்லோரும் ஒப்புவிப்பார்கள். கொதிநீரில் இடுவது, அற்ககோலில் கொதிக்கவைப்பது, கழுவுவது, அயடீன் இடுவது. அற்ககோலை ஏன் நேரடியாகச் சுவாலையில் சூடாக்கக் கூடாது என்றால், அதற்கும் விடை தயார். ஆனால் "நீலம் வரவில்லையே, இப்போது என்ன செய்வாய்?" என்று கேட்டால் வகுப்பு மௌனமாகிவிடும். செடி இருட்டில் இருந்ததா, பச்சையம் முழுமையாக நீங்கியதா, அயடீன் பழையதா என்று ஒவ்வொன்றாகச் சந்தேகிப்பதுதான் விஞ்ஞானம். நாமோ, நீலம் வராவிட்டாலும் "நீலம் வந்தது" என்று அப்பியாசக் கொப்பியில் எழுதப் பழக்கியிருக்கிறோம். இதைவிடப் பெரிய பாவம் ஆய்வுகூடத்தில் இல்லை.

இது மாற்ற முடியாத ஒன்றல்ல. 1980களில் இலண்டன் கிங்ஸ் கல்லூரியைச் சேர்ந்த பிலிப் ஏடி, மைக்கேல் ஷேயர் ஆகியோர் 11 முதல் 14 வயது வரையான மாணவர்களுக்கென முப்பது சிந்தனைப் பாடங்களை உருவாக்கினார்கள். இரண்டு வாரத்துக்கு ஒன்றாக இரண்டு வருடங்கள். ஒரு பாடத்தில் நீளமும் அகலமும் வேறுபட்ட குழாய்களைக் கொடுத்து ஊதச் சொல்வார்கள். சுருதியைத் தீர்மானிப்பது நீளமா, அகலமா? நீளமும் அகலமும் ஒரே நேரத்தில் மாறினால் எதையும் முடிவுசெய்ய முடியாது என்பதைப் பிள்ளைகளே தடுமாறிக் கண்டுபிடிக்க வேண்டும். ஆசிரியர் விடையைச் சொல்வதில்லை. "உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். அந்தப் பிள்ளைகளில் பலர் சில வருடங்களின் பின் பொதுப் பரீட்சையில் விஞ்ஞானத்தில் மட்டுமல்ல, கணிதத்திலும் ஆங்கிலத்திலும்கூட மற்றவர்களை விடக் கூடிய பெறுபேறு பெற்றார்கள். பாடத்திட்டத்தை முடிக்க நேரம் போதாது என்று சொல்லும் எங்களுக்கு இது நல்ல பதில்.

எங்களுக்கு இலண்டன்வரை போகவும் தேவையில்லை. 965இல் பஸ்ராவில் பிறந்த இப்னுல் ஹைதம், கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுவதாலேயே பார்வை உண்டாகிறது என்ற பழைய கொள்கையை ஏற்கவில்லை. கூசும் வெளிச்சம் கண்ணை வருத்துகிறதே, அப்படியானால் ஒளி வெளியிலிருந்துதானே வருகிறது என்று காரணம் காட்டினார். தொலமியைப் போன்ற பேரறிஞரின் நூல்களிலுள்ள முரண்பாடுகளைத் தொகுத்துத் தனி நூலே எழுதினார். நாங்கள் அவரை என்ன செய்திருக்கிறோம்? மீலாத் வினாவிடைப் போட்டியில் "ஒளியியலின் தந்தை யார்?" என்ற ஒரு புள்ளி வினாவாக்கி வைத்திருக்கிறோம்.

வினாத்தாள் வெளியான மறுநாள் ஒரு தாய் கோபத்தோடு வந்தார். "டீச்சர், பாடத்தில இல்லாத கேள்வி போட்டா பிள்ளைகள் என்ன செய்யும்? ஓ.எல். பேப்பர்ல இப்படி வருமா?" அவர் கேட்டது நியாயமற்றது என்று நான் சொல்லமாட்டேன். சாதாரண தரப் பெறுபேறு பிள்ளையின் உயர்தரத் துறையைத் தீர்மானிக்கிறது. முதலாம் பத்திரத்தின் நாற்பது பல்தேர்வு வினாக்களுக்கு ஞாபகமும் வேண்டும். தகவல் எதுவும் இல்லாத மூளையால் எதை வைத்துச் சிந்திக்க முடியும்? கடந்தகால வினாத்தாள்களை எரித்துவிடுங்கள் என்பதல்ல என் வாதம்.

ஆனால் எங்கள் கையில் இருப்பதையாவது நாம் சரியாகப் பயன்படுத்தலாம். பாடசாலை மட்டக் கணிப்பீடு அதற்காகத்தான் வந்தது. அதையும் ஒரே இரவில் ராத்தாமார் செய்துகொடுக்கும் பிரிஸ்டல் போட் அலங்காரமாக மாற்றிவிட்டோம். அதற்குப் பதிலாக, பானைத் தண்ணீர் பற்றி ஒரு பரிசோதனையைத் திட்டமிட்டு எழுதச் சொல்லலாம். நான் சொல்லிப் பார்த்தேன். பாதிப் பேர் மண்பானையை ஜன்னலிலும் பிளாஸ்டிக் போத்தலைக் குசினிக்குள்ளும் வைத்தார்கள். காற்று பட்டதால் குளிர்ந்ததா, மண் என்பதால் குளிர்ந்ததா என்று கேட்டபோதுதான் தலையைச் சொறிந்தார்கள். அந்த வகுப்பில் மணி அடித்தும் யாரும் எழும்பவில்லை.

அந்தத் தாயிடம் ஒரு வேலை கொடுத்து அனுப்பினேன். பிள்ளை படித்ததை ஒப்புவிக்கும்போது கொப்பியைப் பார்த்துச் சரிபிழை சொல்லாமல், "இது உனக்கு எப்படித் தெரியும்?" என்று மட்டும் கேளுங்கள் என்றேன். இரண்டு கிழமை கழித்து வந்தார். மகள் இப்போது அதே கேள்வியைத் தன்னிடம் கேட்கிறாள், பதில் சொல்ல முடியவில்லை, சோற்றுக்கு உப்பு ஏன் போடுகிறோம் என்பதற்குக்கூட என்று முறைப்பட்டார்.