59.94 என்னும் கணக்கு

கணினித் திரையின் அமைப்பைத் திறந்து பார்த்த நம் சங்கத்துப் பிள்ளைகள், "வினாடிக்கு 60 முறை என்பதற்கு அருகிலேயே 59.94 என்றும் இருக்கிறதே. இது என்ன கஞ்சக் கணக்கு?" என வினவுகின்றனர். நியாயமான வினாவே.

இதன் வேர் 1953-ஆம் ஆண்டு அமெரிக்காவில் உள்ளது. அதுவரை அங்குக் கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சி வினாடிக்கு 60 அரைப்படங்களை வரைந்து வந்தது. வண்ண ஒளிபரப்புக்கு விதி வகுத்தோர், மக்கள் முன்னமே பணங்கொடுத்து வாங்கிய பெட்டிகள் வீணாகலாகாது என்பதில் உறுதியாயிருந்தனர். ஆனால் புதிய வண்ண அலையும் பழைய ஒலியலையும் கலந்தால் படத்தில் புள்ளிக்கோலம் தோன்றும். ஒலியலையைச் சற்றே நகர்த்தியிருக்கலாம், பழைய பெட்டிகளின் செவியோ (அப்படிச் சொல்லலாமன்றோ?) பட அலைக்கு 45 லட்சம் அதிர்வு தள்ளியிருந்த ஒலிக்கென்றே பொருத்தப்பட்டிருந்தது. ஆகவே ஒலியைத் தொடாமல், படத்தின் வேகத்தை 1001-இல் ஒரு பங்கு குறைத்தனர். 60-ஐ 1.001-ஆல் வகுத்துப் பாருங்கள். பழைய பெட்டிகள் அக்குறைவைப் பொருட்படுத்தவேயில்லை.

நம் நாட்டுத் தொலைக்காட்சி 50 என்ற முறையைக் கைக்கொண்டதால் இத்தொல்லைக்கு ஆளாகவில்லை. ஆயினும் அமெரிக்க முறையில் எடுத்த படங்கள் நம் கணினிக்கும் வருகின்றன. அவற்றைச் சரியாக 60-இல் ஓட்டினால், ஏறத்தாழ 17 வினாடிக்கு ஒருமுறை ஒரு படம் இரட்டிக்கும். கூர்ந்து நோக்குவோர்க்குச் சிறு தடுக்கல் புலப்படும். அத்தகைய படங்களுக்குப் பிள்ளைகள் 59.94-ஐயே தேர்ந்து கொள்ளலாம்.