குறிப்பேட்டைத் தடைசெய்வோரும் கொண்டாடுவோரும்

நூலொன்றைத் தடைசெய்வது எளிது. படித்து முடிப்பதுதான் கடினம். 'டெத் நோட்' என்னும் யப்பானியச் சித்திரக்கதை விடயத்தில் அதிகாரிகள் எளிதான வழியையே நாடியுள்ளனர். 2015 இல் சீனக் கலாசார அமைச்சு தடைசெய்த 38 யப்பானியப் படைப்புகளில் இதுவும் ஒன்று. 2021 இல் ரஷ்யாவின் சென் பீற்றர்ஸ்பேர்க் நகர நீதிமன்றமொன்றும் சில இணையத்தளங்களில் இதனைத் தடுத்தது. இளையோர் மனம் கெட்டுவிடுமாம்!

சுகுமி ஓபா எழுத, தகேஷி ஒபாத்தா வரைய, 2003 முதல் 2006 வரை வார சஞ்சிகையொன்றில் வெளிவந்த தொடர் இது. பதினேழு வயது மாணவன் லைற் யகாமியின் கையில் ஒரு குறிப்பேடு கிடைக்கிறது. ஒருவரின் முகத்தை மனதில் இருத்தி, பெயரை அதில் எழுதினால் அவர் இறந்துபோவார். பொலிஸ் உயரதிகாரியின் மகனான அவன், குற்றவாளிகளை ஒழித்துப் புத்துலகு சமைக்கப் புறப்படுகிறான்.

தடைகோருவோர் இந்த இடத்திலேயே நூலை மூடிவிடுகின்றனர் போலும். அவன் முதலில் எழுதுவது சிறார்களைப் பணயம் வைத்த கொலையாளியின் பெயரை. அடுத்து, வீதியில் பெண்ணொருத்தியைத் தொல்லைப்படுத்தியவன் பெயரை. கொலைக்கும் தொல்லைக்கும் ஒரே தண்டனை! பின்னர் தன்னைத் தேடிவந்த எஃப்.பி.ஐ. அதிகாரிகள் 12 பேரைக் கொல்கிறான். அவர்கள் செய்த குற்றம், கடமையைச் செய்தமை. தன்னைத்தானே நீதிபதியாக நியமித்துக்கொண்டவன், ஈற்றில் உயிர்ப்பிச்சை கேட்டு மன்றாடிச் சாகிறான். இதுவா கொலையைப் போற்றும் கதை?

ஆயினும், லைற்றை வீரனாகக் கொண்டாடும் இளையோருடனும் எனக்கு வழக்குண்டு. அவனுக்குப் பெயர்கள் எங்கிருந்து கிடைக்கின்றன? செய்திகளிலிருந்தும் பொலிஸ் கோப்புகளிலிருந்தும். நெடுங்காலம் செய்தி எழுதியவன் என்ற முறையில் சொல்கிறேன்: செய்தியில் வருவது பெரும்பாலும் சந்தேக நபரின் பெயர், குற்றவாளியின் பெயரன்று. இரண்டுக்கும் இடையே இருப்பதுதான் நீதிமன்றம்.

இதற்கு யப்பானிலேயே சான்றுண்டு. முன்னாள் குத்துச்சண்டை வீரர் இவாவோ ஹக்கமாடா, நால்வர் கொலை தொடர்பில் 1966 இல் கைதானார். 1968 இல் மரணதண்டனை விதிக்கப்பட்டது. 2014 வரை சிறையில் இருந்தார். தடயங்கள் புனையப்பட்டவை எனக் கண்ட நீதிமன்றம், 2024 இல், அவரது 88 ஆவது வயதில், அவர் குற்றமற்றவர் எனத் தீர்ப்பளித்தது. லைற்றின் ஏட்டில் அவர் பெயர் என்று ஏறியிருக்கும்? கைதான செய்தி வெளியான அன்றே. நீதிமன்றமும் பிழைத்தது, அவர் உயிரோடு இருந்ததால் அப்பிழையை அவர் காணத் திருத்த முடிந்தது. குறிப்பேட்டுக்கு மேன்முறையீடு இல்லை.

இத்தகைய அப்பாவியொருவரின் கதையை இத்தொடர் விரித்துரைக்காதது பெருங்குறை. குறையைச் சுட்டலாம், வாதாடலாம். அதற்கு முதலில் நூல் கையில் இருக்கவேண்டும்.

பிள்ளையிடமிருந்து இந்நூலைப் பறிக்கும் பெற்றோரிடம் ஒரு கேள்வி: தொலைக்காட்சியில் கைதானவன் முகத்தைக் கண்டதும், 'இவனுக்கு விசாரணை எதற்கு, சுட்டுத்தள்ள வேண்டியதுதானே' என்று நீங்கள் சொன்னபோது, பிள்ளை அருகில் இருக்கவில்லையா?