காவிரிக்குச் சொந்தமில்லாத மீனைக் காவிரியில் விடாதீர்கள்

காவிரியிலும் அதன் கிளையாறுகளிலும், அந்தப் படுகையில் இயல்பாகப் பிறந்து வளராத எந்த மீனின் குஞ்சையும் இனி யாரும் விடக் கூடாது. மீன்வளத் துறை, அணையைக் குத்தகைக்கு எடுத்தவர், ஆற்றை வளப்படுத்துகிறோம் என்று பந்தல் போட்டு விழா எடுக்கும் தொண்டு அமைப்பு, எங்களைப் போன்ற தூண்டில்காரர் என எல்லோருக்கும் இது பொருந்தும். ஒகேனக்கல் முதல் பவானிசாகர் வரை தூண்டில் போடுவோரும் பரிசல் ஓட்டுவோரும் வலை மீனவர்களும் சேர்ந்த எங்கள் அமைப்பின் நிலைப்பாடு இதுதான். உள்ளுக்குள் வாக்குவாதம் இல்லாமல் இந்த முடிவுக்கு நாங்கள் வரவில்லை. ஜிலேபி பிடித்துப் பிழைக்கும் குடும்பங்களும் எங்களில் உண்டு. பெரிய மீன் மாட்டினால் போதும், அது எந்த ஊர் மீனாக இருந்தால் என்ன என்று கேட்ட தூண்டில்காரர்களும் உண்டு.

அந்தத் தூண்டில்காரர்களின் கேள்விக்குக் காவிரியே பதில் சொல்லியிருக்கிறது.

முதுகில் திமில் போல மேடு எழும்பிய, ஆரஞ்சு நிறத் துடுப்புள்ள மஹ்சீர் காவிரிப் படுகைக்கே உரியது. உலகில் வேறெந்த ஆற்றிலும் கிடையாது. யானைக் கெண்டை என்று கரையோரத்தில் சொல்வதற்கு அதன் உடம்பே காரணம். 1946-ல் மைசூர் வான் இன்ஜென் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர் கபினியில் தூண்டிலில் பிடித்த மீன் 120 பவுண்டு, அதாவது 54 கிலோவுக்கு மேல். சென்னை மாகாணத்தில் அதிகாரியாக இருந்த ஹெச். எஸ். தாமஸ் 1873-லேயே இந்திய ஆற்றுத் தூண்டில் பற்றித் தனிப் புத்தகம் எழுதி, மஹ்சீரைத் தூக்கி வைத்துக் கொண்டாடினார். அதன் பிறகு நூறாண்டுக்கும் மேலாக உலகெங்கிலுமிருந்து ஆட்கள் ராகிக் களி உருண்டையைத் தூண்டிலில் கோத்துக்கொண்டு இந்த ஆற்றங்கரையில் காத்துக் கிடந்தார்கள். இவ்வளவு பேர் தேடி வந்த மீனுக்கு அறிவியல் பெயர் இன்னதென்று உறுதியானது 2018-ல்தான். அமராவதியில் சேரும் கேரளத்துப் பாம்பாற்றிலிருந்து முன்பு விவரிக்கப்பட்ட டோர் ரெமாதேவியும் இந்தத் திமில் மீனும் ஒன்றே என்று ஆய்வாளர்கள் நிறுவினார்கள். பெயர் கிடைத்த அதே ஆண்டில், பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் செம்பட்டியலில் அது மிக ஆபத்தான நிலையில் உள்ள இனமாகவும் சேர்ந்தது. இன்று அதற்கு எஞ்சியிருக்கும் முக்கியமான புகலிடங்களில் ஒன்று முதுமலைக்கும் சத்தியமங்கலத்துக்கும் நடுவே ஓடும் நம் மோயாறு.

அந்த மீனின் இடத்தைப் பிடித்தது நீலத்துடுப்பு மஹ்சீர். அதுவும் இந்திய மீன்தான், மஹ்சீர்தான். ஆனால் அதன் சொந்த ஊர் மகாராஷ்டிரத்தில் கிருஷ்ணா படுகையின் தலைப்பகுதி. லோனாவாலாவில் உள்ள டாடா பொரிப்பகத்தில் 1970-களிலிருந்து இதன் குஞ்சுகளைச் செயற்கையாகப் பெருக்கி, பல மாநிலங்களுக்கு அனுப்பினார்கள். நோக்கத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வெடி வைத்தும் விஷம் கலந்தும் மீனை அழித்துக்கொண்டிருந்த காலத்தில் மஹ்சீரைக் காப்பாற்ற வேண்டும் என்று நினைத்தார்கள். எந்த மஹ்சீரை, எந்த ஆற்றில் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

விளைவைக் காட்டிக்கொடுத்தது தூண்டில் முகாம்களின் பதிவேடு. கர்நாடகப் பகுதிக் காவிரியில், பிடித்த மீனை எடை போட்டுக் குறித்துவிட்டு ஆற்றிலேயே விடும் முகாம்கள் இருந்தன. அங்கே 1998 முதல் 2012 வரை எழுதப்பட்ட கணக்கை ஆய்வாளர்கள் அலசி 2015-ல் வெளியிட்டார்கள். மேலோட்டமாகப் பார்த்தால் நல்ல செய்தி: தூண்டில் போடும் நேரத்துக்குக் கிடைக்கும் மஹ்சீரின் எண்ணிக்கை கூடியிருந்தது. இனம் பிரித்துப் பார்த்தபோதுதான் வயிறு கலங்கியது. கூடியது முழுக்க நீலத்துடுப்பு. திமில் மீன் ஆண்டுக்கு ஆண்டு குறைந்தது. மாட்டிய சிலவும் பெரிய கிழட்டு மீன்கள். சின்ன மீன் வரவே இல்லை. பெருசுகள் இருக்கின்றன, குஞ்சு குட்டி இல்லை என்றால் அந்தக் குலம் எங்கே போகிறது என்று சொல்லத் தேவையில்லை. மீன் அதிகம் கிடைக்கிறது என்பதை ஆறு நலமாக இருப்பதற்கு அத்தாட்சியாக எடுத்துக்கொள்வதை எங்கள் அமைப்பு ஏற்காததற்கு இதுவே காரணம்.

இங்கேதான் அரசின் அளவுகோலோடு நாங்கள் மாறுபடுகிறோம். பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தின் கீழ் ஆறுகளில் நாட்டு மீன் குஞ்சு விடுகிறார்கள். நல்ல திட்டம். ஆனால் நாட்டு மீன் என்பதற்கு இந்தியாவின் எல்லையைக் கோடாக வைத்தால் ஏமாந்துபோவோம். மீனுக்குத் தெரிந்த எல்லை ஆற்றுப் படுகை ஒன்றுதான். கட்லா கோதாவரியிலிருந்து காவிரிக்குக் கொண்டுவரப்பட்டது. ரோகுவும் மிர்காலும் கங்கைச் சமவெளி மீன்கள். அவற்றை விட்டுவிட்டு ஆற்றின் பூர்வீக வளத்தை மீட்டோம் என்று அறிக்கை எழுதுவது கணக்கில் சேராது. காவிரிக்கென்று கருமுழிக் கெண்டை இருக்கிறது, சேல் கெண்டை இருக்கிறது. முன்பு மேட்டூர் வலைகளில் சாதாரணமாக விழுந்த மீன்கள் இவை. இன்றைக்குக் கரையில் நிற்கும் இளைஞர்கள் பலருக்கு இவற்றைப் பார்த்தால் பெயர் சொல்லத் தெரியாது.

சாதாக் கெண்டையின் கதை இன்னும் பழையது. 1939-ல் இலங்கையிலிருந்து நீலகிரிக்கு வந்தது. 1957-ல் பாங்காக்கிலிருந்து இன்னொரு ரகம் வந்து நாடு முழுவதும் குளங்களுக்குப் போனது. சேற்றைக் கிளறித் தின்பது அதன் பழக்கம். அது மேய்ந்த இடத்தில் தண்ணீர் கலங்கும், நீர்ச்செடி வேரோடு பெயரும். ஒரு கிலோ தாய் மீன் லட்சத்துக்கும் மேல் முட்டையிடும். முட்டைகள் செடியில் ஒட்டிக்கொள்ளும். தேங்கிய தண்ணீரே அதற்குப் போதும். மஹ்சீருக்கு அப்படி இல்லை. மழை வெள்ளத்தில் எதிரேறி, கூழாங்கல் படிந்த தெளிந்த ஓட்டத்தைத் தேடிப் போய்த்தான் முட்டையிடும். முட்டையும் குறைவு, வளர்ச்சியும் மந்தம். ஆற்றை அணையாலும் தடுப்பணையாலும் குளமாக்கிவிட்டு, குளத்து மீனையும் கொண்டுவந்து விட்டால் பந்தயம் தொடங்கும் முன்பே முடிந்துபோகிறது. 1952-ல் இந்தியாவுக்கு வந்த ஜிலேபியும் அப்படித்தான்: குஞ்சை வாயிலேயே வைத்துக் காக்கும், சில மாதத்திலேயே பருவத்துக்கு வந்து ஆண்டில் பலமுறை பெருகும். அமராவதி அணையில் வலை இழுத்துப் பார்த்தவர்களுக்கு இதை நாங்கள் விளக்க வேண்டியதில்லை.

வலைக்காரரின் நஷ்டத்தை நேரில் பார்க்க வேண்டுமானால் மேட்டூர் நீர்த்தேக்கத்தின் பண்ணவாடித் துறைக்குக் காலையில் வாருங்கள். மீன்தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று வாங்கி, பெரிதானதும் வாய்க்காலில் கொட்டிவிடும் டேங்க் கிளீனர் மீன் வலையில் சிக்கினால், அதன் உடம்பில் இருக்கும் எலும்புத் தகடும் துடுப்பு முள்ளும் நைலான் கண்ணியில் கொக்கி போல் மாட்டிக்கொள்ளும். இழுத்தால் வலை கிழியும், விட்டால் கை கிழியும். கடைசியில் கத்தியை எடுத்துக் கண்ணியை அறுத்துத்தான் எடுக்க வேண்டும். அந்த மீனை வாங்க ஆளில்லை. கரையில் எறிந்தால் வெகுநேரம் உயிரோடு கிடக்கும். வலைக்காரருக்கு மிஞ்சுவது ஓட்டை விழுந்த வலையும், அதைத் தைக்கப் போகும் ஒரு பொழுதும்தான்.

ஆப்பிரிக்கக் கெளுத்தியை வளர்க்க ஒன்றிய அரசு 1997-லேயே தடை போட்டது. தருமபுரி, கிருஷ்ணகிரி ஆட்சியர்கள் எச்சரிக்கை விடுவதும், குட்டைகளை அழிப்பதும், பிறகு வேறொரு தோட்டத்தில் அதே குட்டை முளைப்பதும் வாடிக்கையாகிவிட்டது. கோழிக்கழிவைப் போட்டால் வளரும், காற்றைச் சுவாசித்து வாழும், விலை மலிவு. ஐப்பசி மழையில் ஏரி கோடி போனால் குட்டையும் ஏரியும் ஓடையும் ஆறும் ஒன்றாகிவிடும். பிறகு தடை உத்தரவை யாரிடம் கொண்டுபோய்க் காட்டுவது?

மேட்டூரிலும் பவானிசாகரிலும் மீனவர் வீட்டில் உலை கொதிப்பது பெரும்பாலும் ஜிலேபியாலும் கட்லாவாலும் ரோகுவாலும்தான். அவற்றை நாளையே நிறுத்து என்று சொல்ல எங்களுக்கு உரிமையில்லை, சொல்லவும் மாட்டோம். ஏற்கெனவே பரவிவிட்ட மீனைப் பிடிப்பதற்கு எந்தத் தடையும் கூடாது. எவ்வளவு பிடிக்கிறார்களோ அவ்வளவும் ஆற்றுக்கு நல்லது. அணைகளில் கட்லா, ரோகு விடுவதைப் படிப்படியாகக் குறைத்து, அந்த இடத்தில் சேல் கெண்டை, கருமுழிக் கெண்டைக் குஞ்சுகளை விட வேண்டும். மாற்றம் நடக்கும் ஆண்டுகளில் உரிமம் பெற்ற மீனவரின் வருமானம் விழுந்தால் ஈடு கட்டுவது அரசின் பொறுப்பு. ஆற்றைச் சீர்செய்யும் செலவை மீனவர் தலையில் கட்டும் எந்தத் திட்டத்தையும் நாங்கள் எதிர்ப்போம்.

அந்நிய மீனே எல்லாவற்றுக்கும் காரணம் என்றும் நாங்கள் சொல்லவில்லை. 1934-ல் மேட்டூர் அணை கட்டி முடிந்ததிலிருந்து கீழாற்று மீனுக்கு மேலே ஏற வழியில்லை. மணல் அள்ளியதில் முட்டையிடும் படுகை போனது. தோட்டா போட்டு மீன் பிடிக்கும் அயோக்கியத்தனம் இன்னும் நிற்கவில்லை; மடுவில் ஒரு தோட்டா வெடித்தால் தாய் மீனும் குஞ்சும் சேர்ந்தே மிதக்கும். ஆனால் அணையை நாளைக்கே இடிக்க முடியாது. குஞ்சு விடுவதை நாளைக்கே நிறுத்த முடியும். ஒரு கையெழுத்து போதும்.

தாமதித்தால் என்ன ஆகும் என்று வெளிநாடுகளைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். ஆஸ்திரேலியாவின் மர்ரே-டார்லிங் படுகையில் பல இடங்களில் மொத்த மீன் எடையில் முக்கால் பங்குக்கு மேல் சாதாக் கெண்டைதான். அமெரிக்காவில் 1970-களில் குளத்தைச் சுத்தம் செய்யக் கொண்டுவந்த வெள்ளிக்கெண்டை மிசிசிப்பிக்குள் புகுந்து, இப்போது பெரும் ஏரிகளுக்குள் அது போகாமலிருக்கச் சிகாகோ அருகே கால்வாயில் மின்சார வேலி போட்டுக் காவல் காக்கிறார்கள். அவர்களிடம் டாலர் இருக்கிறது. எங்கள் மோயாற்றுக்கு அப்படி ஒரு வேலி போட யாரிடம் பணம் இருக்கிறது?

மஹ்சீர் விஷயத்தில் எங்கள் கோரிக்கை கறாரானது. மோயாறு, பவானி, மேட்டூருக்கு மேலுள்ள காவிரி ஆகியவற்றில் எந்த மஹ்சீர்க் குஞ்சையும், மரபணுச் சோதனையில் டோர் ரெமாதேவி என்று உறுதியாகாமல் விடக் கூடாது. தாய் மீனும் அதே ஆற்றிலிருந்து எடுத்ததாக இருக்க வேண்டும். ஆக்சிஜன் அடைத்த பாலித்தீன் பையில் வரும் இரண்டு அங்குலக் குஞ்சில் திமிலும் தெரியாது, துடுப்பின் நிறமும் நம்பும்படி இருக்காது. பழகிய கண்ணே தடுமாறும். மேலே கர்நாடகத்தில் விட்ட குஞ்சு பிலிகுண்டுலு எல்லையில் நின்று அனுமதி கேட்டு வரப்போவதில்லை. அதனால் இரண்டு மாநில மீன்வளத் துறைகளும் ஒரே பட்டியலுக்குக் கட்டுப்பட வேண்டும். தண்ணீர்ப் பங்கீட்டுக்கு உட்காரும் மேசையில் மீனுக்கும் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் யாருக்கும் நஷ்டமில்லை.

காவிரி வடக்கு, 2022-ல் அறிவிக்கப்பட்ட காவிரி தெற்கு சரணாலயங்களுக்குள் தூண்டில் போடத் தடை இருக்கிறது. அதை நீக்கச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை. ஆனால் தூண்டில் நின்றதோடு கணக்கும் நின்றுவிட்டது. கர்நாடக முகாம்களின் பதிவேடு இல்லையென்றால் திமில் மீன் அழிந்துவருவதே யாருக்கும் தெரிந்திருக்காது. வனத்துறை தன் மேற்பார்வையில், பரிசல்காரர்களையும் கரையோரப் பழங்குடிகளையும் கூலி கொடுத்து அமர்த்தி, ஆண்டுதோறும் மீன் கணக்கெடுப்பு நடத்த வேண்டும். எந்த மடுவில் எந்த மீன் கிடக்கும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

எங்கள் உறுப்பினர்களுக்கும் விதி வைத்திருக்கிறோம். அனுமதியுள்ள நீர்ப்பகுதியில் திமில் மஹ்சீர் மாட்டினால், தண்ணீரைவிட்டு வெளியே தூக்காமல் முள்ளைக் கழற்றி விட வேண்டும். ஜிலேபி, சாதாக் கெண்டை, ஆப்பிரிக்கக் கெளுத்தி, டேங்க் கிளீனர் மாட்டினால் மறுபடி ஆற்றில் போடக் கூடாது. உயிருள்ள சிறு மீனை வேறு குளத்திலிருந்து இரையாகக் கொண்டுவரக் கூடாது. விதியை மீறுபவர் எவ்வளவு பெரிய தூண்டில்காரராக இருந்தாலும் எங்கள் அமைப்பில் இடமில்லை.

புண்ணியத்துக்காக ஆற்றில் மீன் விடுவோரிடமும், அலுத்துப்போன தொட்டி மீனைக் கொல்ல மனமில்லாமல் வாய்க்காலில் விடுவோரிடமும் ஒரு வேண்டுகோள்: விட வேண்டாம். வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுங்கள்.

தமிழ்நாடு மீன்வளத் துறையிடம் உடனடியாகக் கேட்பது ஒன்றே ஒன்று. இந்தப் பருவத்தில் காவிரிப் படுகையின் எந்த அணையில், எந்த ஆற்றில், எந்த இனக் குஞ்சு, எந்தப் பொரிப்பகத்திலிருந்து வாங்கி, எத்தனை விடப்போகிறீர்கள் என்ற பட்டியலை, விடுவதற்கு ஒரு மாதம் முன்பே தமிழில் வெளியிடுங்கள். பட்டியல் வெளிவரும் வரை எங்கள் அமைப்பைச் சேர்ந்த யாரும் எந்தக் குஞ்சு விடும் விழாவிலும் கலந்துகொள்ள மாட்டோம்.