அட்டவணை யார் கையில்?

தூத்துக்குடித் துறைமுகத்தில் எந்தக் கப்பல் முதலில் கரையணையும், எது வெளிக்கடலில் நங்கூரமிட்டுக் காத்துக் கிடக்கும்? கடலா தீர்மானிக்கிறது? ஆட்கள் எழுதிய விதி தீர்மானிக்கிறது.

நம் செல்போன் செய்திக்கும் இதே கதிதான். அது சிறு சிறு பொட்டலங்களாக ஓடுகிறது. பொட்டலத்தின் தலையில் 0 முதல் 7 வரை ஒரு முன்னுரிமை எண் பொறிக்கலாம். எந்த எண்ணுக்கு எந்த வரிசை என்று வழியிலுள்ள ஸ்விட்ச் கருவியில் ஓர் அட்டவணை உண்டு. நெரிசல் வந்தால் மேல்வரிசை முந்தும். கீழ்வரிசை நிரம்பி வழிந்தால் பொட்டலம் வீசி எறியப்படும். வேடிக்கையைப் பாருங்கள்: வழக்கமான அட்டவணையில் 1 என்பது 0-க்கும் கீழே! மதிப்பு எண்ணில் இல்லை. எழுதியவன் கையில் இருக்கிறது.

பேச்சு முந்தட்டும், சினிமா பிந்தட்டும். பேச்சு தாமதித்தால் அறுந்துபோகும். சினிமா சற்றுப் பொறுக்கும். இதில் நமக்கு வழக்கில்லை. காசு கொடுத்தவன் முந்தட்டும் என்றால்தான் வழக்கு!

கற்பனை அல்ல. 2014 டிசம்பரில் ஏர்டெல் கம்பெனி, இணையவழிப் பேச்சுக்குத் தனிக் கட்டணம் என்று அறிவித்தது. எதிர்ப்பு கிளம்பியதும் பின்வாங்கியது. பிறகு ஃபேஸ்புக் 'இலவசம்' என்ற தூண்டிலோடு வந்தது. தான் பொறுக்கிய சில தளங்கள் மட்டும் இலவசமாம்! லட்சக்கணக்கானோர் டிராய்க்கு எழுதினார்கள். 2016 பிப்ரவரி 8 அன்று டிராய் அந்தப் பாரபட்சக் கட்டணத்தைத் தடுத்தது. வேகத்திலும் பாரபட்சம் கூடாதென 2018 ஜூலையில் மத்திய அரசு ஏற்றது. ஆனால் 'விசேஷ சேவைகள்' என்று ஒரு சந்து விட்டு வைத்திருக்கிறார்கள். அதில் நுழையப் போவது யார்? தருவைகுளம் மீனவரா, கோவில்பட்டி மில் தொழிலாளியா?

அட்டவணையைப் பூட்டி வைக்காதே. மக்கள் பார்வைக்கு வை என்று கேட்கிறோம்.