நாலு இலைக்கு ஒரு பூ

ஊட்டி மலர்க் கண்காட்சி தொடங்கிவிட்டது. எந்தப் பத்திரிகையைப் பிரித்தாலும் பூக்களால் கட்டிய கோபுரமும் யானையும் மயிலும். அதைப் பற்றித்தான் எழுத நினைத்திருந்தேன். இடையில் ஒரு நர்சரிக்குப் போனது எல்லாவற்றையும் மாற்றிவிட்டது.

அமரில்லிஸ் பூக்கும் பருவம் இது. சிவப்பில் வெள்ளைக் கோடு ஓடிய பூக்களோடு தொட்டிகள் வரிசையாக நின்றன. ஒன்றைக் கையில் எடுத்த ஒரு அம்மா, "பூ முடிஞ்சப்புறம் இதை என்ன செய்யணும் தம்பி?" என்று கேட்டார். "தூக்கிப் போட்டுடுங்கம்மா, அடுத்த வருஷம் புதுசு வாங்கிக்கலாம்" என்றார் கடைக்காரர். அப்போது வந்த கோபம் இதை எழுதும்வரை ஆறவில்லை. உயிரோடு இருக்கும் கிழங்கைக் குப்பையில் போடச் சொல்வதற்கு எப்படி மனசு வருகிறது?

இலைகளுக்காக நான் வாதாடுவது இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குப் பழகிப்போன விஷயம். இன்றைக்கும் அதைத்தான் செய்யப்போகிறேன். "எங்க வீட்டு லில்லி முதல் வருஷம் பூத்தது, அப்புறம் பூக்கவே இல்லை" என்று சொல்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, "இலையை வெட்டினீர்களா?" என்றுதான். பார்க்க அழகாக இல்லை, சாய்ந்து கிடக்கிறது என்று வெட்டியிருப்பார்கள். அடுத்த பூவை உருவாக்குவதே அந்த இலைதான். கிழங்குக்குள்ளே ஏறக்குறைய நாலு இலைக்கு ஒரு மொட்டு உருவாகிறது. அந்த மொட்டு உள்ளேயே பல மாதம் வளர்ந்து, பிறகுதான் தண்டாக வெளியே வருகிறது. இந்த மே மாதம் நாம் ரசிக்கும் பூ, போன வருஷத்து இலைகள் வெயிலில் நின்று சேர்த்த சேமிப்பு.

ஆகவே பூ வாடியதும் பூவை மட்டும் கிள்ளிவிடுங்கள். விதை பிடித்தால் கிழங்கின் பலம் அதற்குப் போய்விடும். பச்சையாக இருக்கும்வரை தண்டும் உணவு தயாரிக்கும். அது மஞ்சளான பிறகு வெட்டினால் போதும். தொட்டியை நல்ல வெயிலுக்கு நகர்த்துங்கள். தொட்டி கிழங்கைவிட இரண்டு விரல் அகலமாக இருந்தால் போதும். கிழங்கின் கழுத்து மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும், புதைத்தால் அழுகும். மாதம் ஒருமுறை மண்புழு உரமும் கொஞ்சம் அடுப்புச் சாம்பலும் போடலாம். யூரியா வேண்டாம், இலை கொழுக்கும், பூ வராது. கறுப்பு உடம்பில் வெள்ளை, ஆரஞ்சுப் புள்ளிகளோடு புழுக்கள் வந்தால் அன்றைக்கே பொறுக்கி எடுத்துவிடுங்கள். செங்காந்தள் இலையைத் தின்னும் அதே புழுதான். ஓரிரு நாள் அசந்தால் இலையே மிஞ்சாது.

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் தண்ணீரைக் குறைத்து, பிறகு அடியோடு நிறுத்துங்கள். எட்டு முதல் பத்து வாரம் காய்ந்த மண்ணில் கிழங்கு ஓய்வெடுக்கட்டும். குளிர் நாடுகளில் இதே ஓய்வைப் பத்துப் பதின்மூன்று டிகிரிக் குளிரில் கொடுக்கிறார்கள். நமக்கு வறட்சியே அந்த வேலையைச் செய்துவிடும். மார்ச் மாதம் மறுபடி தண்ணீர் விட்டால் தண்டு எழும்பும்.

இந்தச் சிவப்பு வெள்ளைப் பூவைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஆர்தர் ஜான்சன் நினைவுதான் வரும். இங்கிலாந்தில் லிவர்பூலுக்குப் பக்கத்தில் பிரஸ்காட் என்ற ஊரில் கடிகாரம் செய்தவர். 1799இல் தென் அமெரிக்காவிலிருந்து வந்த இரண்டு இனங்களை, சிவப்பு ஒன்று, வெள்ளையில் சிவப்புக் கோடு போட்டது ஒன்று, மகரந்தம் சேர்த்து முதல் கலப்பினத்தை உருவாக்கினார். விதையிலிருந்து வரும் அமரில்லிஸ் பூக்க மூன்று நான்கு வருஷம் ஆகும். நொடிகளோடு வேலை செய்த மனிதர் வருஷக்கணக்கில் காத்திருந்தார் என்பதை நினைக்க நினைக்க அவர்மேல் எனக்கு மரியாதை கூடுகிறது.

பிறகு அவருடைய கண்ணாடிக் குடில் அழிந்துபோனது. அவர் தன் செடிகளை லிவர்பூல் தாவரவியல் தோட்டத்தோடு முன்பே பகிர்ந்திருந்தார். அதனால் செடி பிழைத்தது. அவர் பெயரால் ஜான்சோனி என்றே அழைக்கப்படும் அந்த அமரில்லிஸ், அமெரிக்காவின் தென் மாநிலங்களில் பழைய வீடுகளின் முற்றங்களில் இன்றும் பூக்கிறது. கலப்பினத்துக்கு விதை போட்டால் பிள்ளை தாயைப்போல வரும் என்ற உறுதி இல்லை. தாய்க்கிழங்கின் பக்கத்தில் முளைக்கும் குட்டிக் கிழங்கைப் பிரித்து நட்டால்தான் அதே செடி கிடைக்கும். அப்படியென்றால் இரண்டு நூற்றாண்டாக யாரோ ஒருவர் பிரித்தார், இன்னொருவர் வாங்கி நட்டார். நடுவில் ஒவ்வொருவரும் "பூ முடிந்தது, தூக்கிப் போடு" என்றிருந்தால் ஜான்சனின் உழைப்பு அவரோடே முடிந்திருக்கும்.

நம் ஊரிலும் வழக்கம் இதுதானே? கனகாம்பரமும் லில்லியும் எத்தனை வீடுகளுக்கு அடுத்த வீட்டிலிருந்து வந்தவை! காசு கொடுத்து வாங்குவது தவறில்லை. வாங்கியதை வளர்த்துப் பெருக்கிக் கொடுப்பதில்தான் தோட்டம் வைத்திருப்பதன் அர்த்தம் இருக்கிறது. கிழங்கு எப்படியும் குட்டி போடும். தொட்டி நெருக்கமானதும் பிரித்து, ஒன்றையாவது பக்கத்து வீட்டுக்குக் கொடுங்கள். கொடுக்கும்போது மறக்காமல் சொல்லுங்கள்: இலையை வெட்டாதீர்கள்.