பணம் கேட்டால் குறைந்துபோகும் ‘தகுதி’

“அமெரிக்காவைப் பாருங்கள், அங்கே இடஒதுக்கீடு இல்லை, தகுதிக்கு மட்டும்தான் மரியாதை.” மருத்துவச் சேர்க்கை பற்றிப் பேசினாலும் ஐஐடி பற்றிப் பேசினாலும் இந்த வசனம் வந்துவிடும். சரி, பார்ப்போம். அங்கே இளங்கலை படிக்க விரும்பும், கையில் பணமில்லாத அயல்நாட்டு மாணவரின் தகுதி எப்படி எடைபோடப்படுகிறது?

புகழ்பெற்ற தனியார் கல்லூரிகளில் ஓராண்டுச் செலவு 80,000 டாலருக்கு மேல். அமெரிக்க ஒன்றிய அரசின் கல்வி உதவி அயல்நாட்டு மாணவருக்குக் கிடையாது. மாநிலப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலானவை குடும்ப வருமானத்தைப் பார்த்து அவர்களுக்கு உதவுவதில்லை. மிஞ்சுவது தனியார் கல்லூரிகளின் சொந்த நிதி. விண்ணப்பத்திலேயே கேட்கிறார்கள்: நிதியுதவி வேண்டுமா? ‘ஆம்’ என்று குறித்தால், பெரும்பாலான கல்லூரிகளில் அந்த ஒரு சொல்லே வாய்ப்பைக் குறைக்கும். மதிப்பெண்ணும் கட்டுரையும் சமமாக இருக்கும் இருவரில் பணம் கட்டக்கூடியவருக்கே கை ஓங்கும். இதற்குப் பெயர் ‘நீட் அவேர்’ சேர்க்கை. தேவையைக் கணக்கில் கொள்ளும் சேர்க்கை என்று பொருள். நம்மூர் நீட் வேறு, அந்த நீட் வேறு. வடிகட்டப்படுவது என்னவோ ஒரே ஆட்கள்தான்.

அயல்நாட்டவர் உதவி கேட்டாலும் அதைச் சேர்க்கையில் பார்க்க மாட்டோம், சேர்ந்தால் தேவை முழுவதையும் ஈடுகட்டுவோம் என்று சொல்லும் கல்லூரிகள் ஏறத்தாழ பத்துதான். ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி., ஆம்ஹர்ஸ்ட், டார்ட்மத், போடன், பிரவுன் ஆகியவை அவற்றில் சில. டார்ட்மத்தும் போடனும் இதை அறிவித்ததே 2022-இல்தான். அந்தக் கதவும் எவ்வளவு குறுகல்! எம்.ஐ.டி.க்கு விண்ணப்பிக்கும் அயல்நாட்டவரில் 100-க்குச் சுமார் 2 பேருக்குத்தான் இடம்.

இந்தப் பத்திலாவது பணம் பேசாதா? பேசும், மெதுவாக. பள்ளி ஆலோசகரின் பரிந்துரை, ஆசிரியர்களின் ஆங்கிலக் கடிதங்கள், வகுப்பறைக்கு வெளியே செய்த சாதனைகள், தன்னைப் பற்றிய கட்டுரை எல்லாம் வேண்டும். சென்னையின் சர்வதேசப் பள்ளிகளில் இதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். போதாதென்றால் லட்சங்களில் கட்டணம் வாங்கும் ஆலோசகர்கள் வெளியே இருக்கிறார்கள். ஆதிதிராவிடர் நலப் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு யார் எழுதித் தருவார்? நிதியுதவிப் படிவம் பெற்றோரின் வருமானம், சொத்து, சேமிப்பு, வரி அனைத்துக்கும் கணக்கு கேட்கும். கூலி வேலைக்குப் போகும் அம்மாவிடம் சம்பளச் சீட்டு ஏது? பல கல்லூரிகள் கேட்கும் சிஎஸ்எஸ் படிவத்தை முதல் கல்லூரிக்கு அனுப்பவே 25 டாலர். காசில்லை என்று சொல்வதற்கும் காசு! கட்டணவிலக்கு உண்டு; ஆனால் அப்படி ஒன்று இருப்பதே தெரிந்தவருக்குத்தான் அது கிடைக்கும்.

2023-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இனத்தைக் கணக்கில் கொள்ளும் சேர்க்கை முறையைச் செல்லாது என்றது. முன்னாள் மாணவரின் பிள்ளைகளுக்குத் தரப்படும் சலுகையையோ அந்தத் தீர்ப்பு தொடவில்லை. ஆம்ஹர்ஸ்ட் போன்ற சில கல்லூரிகள் தாமாகவே அதைக் கைவிட்டன, ஹார்வர்ட் கைவிடவில்லை. அப்பன் படித்த இடத்தில் பிள்ளைக்கு முன்னுரிமை. பிறப்பால் வரும் இந்த இடஒதுக்கீட்டை நம்மூர் ‘தகுதி’வாதிகள் எதிர்த்து நான் பார்த்ததில்லை.

தனியார் கல்லூரி, அவர்கள் பணம், எல்லோருக்கும் எப்படித் தர முடியும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அப்படியானால், பணம் தீர்ந்துவிட்டது என்று நேராகச் சொல்லட்டும். உதவி கேட்டவர்களில் எத்தனை பேரைச் சேர்த்தோம் என்பதைத் தனியாக வெளியிடட்டும். பணப்பையைப் பார்த்துவிட்டு, மூளையைப் பார்த்ததாகச் சொல்லாதீர்கள்.

நம் அரசுகளுக்கும் பொறுப்பு உண்டு. 1913-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்கு அம்பேத்கர் போக முடிந்தது பரோடா மன்னர் தந்த உதவித்தொகையால். ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு, ஒன்றிய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை நாடு முழுவதற்கும் ஆண்டுக்கு 125 பேருக்கு. அதுவும் முதுநிலைக்கும் முனைவர் பட்டத்துக்கும் மட்டும். 2022-இல் இந்தியப் பண்பாடு, வரலாறு, சமூகம் பற்றிய ஆய்வுகளுக்கு அதில் இடமில்லை என்றார்கள். சாதியைப் பற்றி அங்கே போய்ப் படிக்காதே என்பதுதான் அதன் பொருள். 2025-இல் தேர்வான 106 பேரில் முதலில் 40 பேருக்கு மட்டுமே கடிதம் தந்து, மற்றவர்களுக்கு நிதி இருந்தால் பார்க்கலாம் என்றார்கள். தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டமும் முதுநிலையில்தான் தொடங்குகிறது. 17 வயதில் ஒரு கல்லூரி இடம் தந்து, பாதிப் பணத்தையும் தந்தால், மீதியைக் கேட்டுப் போக நம் பிள்ளைக்கு வாசல் இல்லை. இளங்கலைக்கும் உதவித்தொகை வேண்டும், எண்ணிக்கை உயர வேண்டும், பணம் காலத்தில் வர வேண்டும். இது நாம் வைக்க வேண்டிய கோரிக்கை.

விண்ணப்பிக்கலாமா என்று கேட்கும் தம்பி தங்கைகளுக்கு: விண்ணப்பியுங்கள். அந்தப் பத்தையும் விடாதீர்கள். உதவி வேண்டாம் என்று பொய்யாகக் குறிக்காதீர்கள். பின்னர் கேட்டால் பல கல்லூரிகள் தராது. இங்கே கிடைக்கும் இடத்தையும் கையில் வைத்திருங்கள். மறுப்புக் கடிதம் வந்தால், உங்கள் தகுதியை யாரும் அளந்துவிட்டதாக நினைக்காதீர்கள். பல நேரங்களில் அவர்கள் அளந்தது உங்கள் வீட்டு வருமானத்தை.